வீட்டுச் சாடியும் கள்ளுக்கடையும் – நம் பிள்ளைகளுக்குச் சொல்லப்படாத வரலாறு



கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குச் செல்லும் கூட்டரசு நெடுஞ்சாலையின் அருகே இரண்டு பெரிய பீர் ஆலைகள் உள்ளன. ஒன்று ஷா ஆலம் 15ஆம் பிரிவில் இருக்கும் கார்ல்ஸ்பெர்க் ஆலை. மற்றொன்று சுங்கை வேயில், 1960களின் நடுவில் கின்னஸ் நிறுவனம் கட்டிய ஆலை. நம்மவர் 'ஸ்டவுட்' என்றும் 'கருப்பு பீர்' என்றும் சொல்லும் பானம் இந்நாட்டிலேயே தயாரிக்கப்படத் தொடங்கியது இந்த இரண்டாவது ஆலையில்தான். இந்நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்கள் இருந்தன. அத்தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டியர் பால் வெட்டினர். அங்கே லயங்கள் இருந்தன, தமிழ்ப்பள்ளிகள் இருந்தன, கள்ளுக்கடைகளும் இருந்தன.

குடியின் தீமையைப் பற்றி நாம் நன்னெறிப் பாடத்தில் பேசுகிறோம். திருக்குறளின் 'கள்ளுண்ணாமை' அதிகாரத்தையும் எடுத்துச் சொல்கிறோம். ஆனால், வரலாறாக அதனைப் பேசுவதில்லை. அதன் விளைவு என்ன? "தமிழன் என்றால் குடிகாரன்" என்ற பழிச்சொல்லைப் பிள்ளைகள் வெளியே கேட்கும்போது, அது தங்கள் இரத்தத்திலேயே ஊறிய குணம் போலும் என்று நம்பிவிடுகின்றனர். இரத்தத்தில் அப்படி ஏதும் இல்லை; வரலாற்றில்தான் இருக்கிறது என்பதை எடுத்துக்காட்டவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

வீட்டிலே வடித்தல்

மேலை நாடுகளில் வீட்டிலேயே கருப்பு பீர் தயாரிப்பதற்கான பெட்டிகள் கடைகளில் விற்கப்படுகின்றன. அப்பெட்டியில் இருப்பவை நான்கே பொருள்கள். முளைகட்டிய பார்லியிலிருந்து எடுத்துக் காய்ச்சிச் செறிவாக்கிய பாகு ஒன்று. முளைகட்டிய பார்லியும் கருக வறுத்த பார்லியும் கலந்த தானியம் ஒரு பை. கசப்புக்காகச் சேர்க்கும் ஹாப்ஸ் எனும் கொடியின் பூ. ஈஸ்ட் ஒரு பொட்டலம்.

தானியத்தை ஏறக்குறைய 65 முதல் 68 பாகை செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊற வைப்பர். முளையில் உள்ள நொதிகள் தானியத்தின் மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றும். வறுத்த பார்லி கருநிறத்தையும் காப்பி போன்ற கசப்பையும் தரும். வடித்த நீரோடு பாகையும் ஹாப்ஸையும் சேர்த்துக் கொதிக்க வைத்து, ஆற்றி, ஈஸ்ட்டைத் தூவி மூடி வைப்பர். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று மதுசாரத்தையும் கரிவளியையும் வெளியிடும். ஓரிரு வாரங்களில் புளித்து முடியும். பின்னர்ப் புட்டியில் அடைத்து மேலும் இரு வாரங்கள் வைப்பர். சர்க்கரையின் ஒரு பகுதியைத் தானியத்திலிருந்து தாமே எடுத்து, மறுபகுதியைப் பாகிலிருந்து பெறுவதால் இதனைப் 'பாதி வடிப்பு' எனலாம்.

இதனைப் படிக்கும்போது நமக்கு ஏதோ அயல்நாட்டு விந்தை போலத் தோன்றும். ஆனால், சங்க இலக்கியம் அறிந்தோர் இதில் ஒரு பழைய முகத்தைக் காண்பர்.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது. அதில் வலைஞர் குடியிருப்பில் பாணர்க்குக் கிடைக்கும் விருந்தைச் சொல்லும் இடத்தில் ஒரு செய்முறை வருகிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி ஆக்குகின்றனர். அகன்ற வாயுடைய தட்டில் கொட்டி ஆற்றுகின்றனர். அதனோடு, புற்றாஞ்சோறு போலத் தோன்றும் 'நல்லடை' என்பதைக் கலக்கின்றனர். இதனை முளையை இடித்துச் செய்ததாக உரைகாரர் விளக்குவர். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, வலிய வாயையுடைய சாடியில் முற்ற விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்து எடுக்கின்றனர். சுட்ட மீனோடு விருந்தினர்க்கு அதனைத் தருகின்றனர்.

தானியம், முளை, வெப்பம், சாடி, காத்திருத்தல் என எல்லாமே அங்கே இருக்கின்றன. பார்லிக்குப் பதில் அரிசி, அவ்வளவே வேறுபாடு. அதே நூல் மற்றோரிடத்தில், வீட்டிலே சமைத்த இத்தகைய நெற்கள்ளைத் 'தோப்பி' என்ற தனிப்பெயரால் குறிக்கிறது. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடலும், சிறிதளவு கள் கிடைத்தாலும் அதனைத் தமக்குத் தந்துவிடும் அவன் அன்பை நினைத்தே தொடங்குகிறது.

சங்க காலத்தவர் குடித்தனர், ஆகவே நாமும் குடிக்கலாம் என்று வாதாட நான் வரவில்லை. பின்னால் வந்த வள்ளுவர் கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரமே வகுத்தார் என்பதையும் மறக்கவில்லை. நான் சுட்டிக்காட்ட விரும்புவது வேறு. அந்தச் சாடி வீட்டுக்குள் இருந்தது. வடித்தவரும் குடித்தவரும் ஒரே குடியினர். அளவை முடிவு செய்தது வீடும் ஊரும்தான். அதை விற்று எவரும் தொலைவிலிருந்து இலாபம் காணவில்லை.

சாடி கடைக்குப் போன கதை

வீட்டு வடிப்பு கைமாறிய கதை தமிழர்க்கு மட்டும் உரியதன்று. 18ஆம் நூற்றாண்டில் இலண்டன் நகரத் தெருக்களில் மூட்டை சுமந்த கூலியாட்கள் விரும்பிக் குடித்த கரும்பழுப்புப் பீருக்கு, அவர்தம் தொழிற்பெயரே 'போர்ட்டர்' என்று நிலைத்தது. அதில் வலிமை மிக்கதை 'ஸ்டவுட் போர்ட்டர்' என்றனர். நாளடைவில் 'ஸ்டவுட்' மட்டும் எஞ்சியது. 1759இல் ஆர்தர் கின்னஸ் டப்ளின் நகரில் ஓர் ஆலையை ஆண்டுக்கு 45 பவுன் வாடகையில் 9,000 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார். 1817இல் டேனியல் வீலர் என்பவர் முளைத்தானியத்தைக் கருக வறுக்கும் உருளைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று நாம் காணும் கருநிறம் அதன் பின்னர்தான் எளிதாகக் கைகூடியது. ஆக, கருப்பு பீர் பிறப்பிலேயே கூலித் தொழிலாளியின் பானம்.

அதே பிரிட்டனில் 1880ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டில் பீர் வடிப்போரும் உரிமம் பெறவேண்டும் என்று விதித்தது. அக்கட்டுப்பாடு 1963இல்தான் நீங்கியது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. அது நீங்கிய பின்னும் வீட்டில் பீர் வடிப்பதற்கு நாடளாவிய அனுமதி 1978இல் இயற்றப்பட்ட சட்டத்தால்தான் கிடைத்தது. அரசுகள் இதில் இத்துணை அக்கறை காட்டியதற்கு உடல்நலம் மட்டுமே காரணமன்று. வரி ஒரு பெரிய காரணம். வீட்டுச் சாடிக்கு வரி போடுவது கடினம். கடைக்கும் ஆலைக்கும் வரி போடுவது எளிது.

இந்த அறிவோடு வந்தவர்கள்தாம் மலாயாவை ஆண்டனர்.

தோட்டத்துக் கள்ளுக்கடை

தென்னங்கள்ளுக்கு முளையும் வேண்டா, வெந்நீரும் வேண்டா. பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் இனிப்பு நீர் சொட்டும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அது புளிக்காமல் பதநீராக நிற்கும். சுண்ணாம்பு இல்லையேல், காற்றில் உள்ள ஈஸ்ட்டே சில மணி நேரத்தில் அதனைக் கள்ளாக்கிவிடும். மறுநாள் புளிப்பேறிப் பின்னர்க் காடியாகிவிடும். குளிர்நாட்டுப் பீர் ஈஸ்ட்டு ஏறக்குறைய 20 பாகை வெப்பத்தில் நன்கு வேலை செய்வது. நம் நாட்டின் 30 பாகையில் அதன் சுவை கெடும். கள்ளோ இந்த வெயிலுக்கென்றே அமைந்தது.

இவ்வளவு எளிதாகக் கிடைப்பதைத் தோட்டத்து மக்கள் தாமே இறக்கிக் கொள்ளலாமா? கூடாது. உரிமமின்றி மரம் சீவுவது குற்றம். கள் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்று: உரிமம் பெற்ற கள்ளுக்கடை. பல தோட்டங்களில் கடையை நடத்தியது தோட்ட நிர்வாகமே. தொழிலாளியின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவன் உழைப்பை வாங்குபவர் தோட்டத் துரை. அவன் குடியிருக்கும் லயம் தோட்டத்துக்குச் சொந்தம். மாலையில் அவன் ஆறுதல் தேடிப் போகும் கடையும் தோட்டத்தினுடையது. காலையில் ஒரு கையால் கொடுத்த கூலியின் ஒரு பகுதி மாலையில் மறு கைக்குத் திரும்பியது.

கடை இலாபம் தொழிலாளர் நலனுக்கே செலவிடப்படும் என்று சமாதானம் சொல்லப்பட்டது. நலனுக்குச் செலவிட வேண்டுமாயின் முதலில் குடிக்க வேண்டும் என்பதே அதன் பொருள். தகப்பன் குடித்த காசிலிருந்து பிள்ளைக்கு நன்மை செய்கிறோம் என்பது எவ்வகை அறம் என்று ஆசிரியர்களாகிய நாம் எண்ணிப் பார்க்கலாம்.

இதே காலத்தில் கல்வி எப்படி இருந்தது? 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி ஒன்றை அமைக்க வேண்டும் என்றது. சட்டத்தை நிறைவேற்ற ஒரு கொட்டகையும், அரைகுறையாகப் படித்த ஒருவரும் போதும் என்று நினைத்த தோட்டங்கள் பல. பள்ளி செலவு, கள்ளுக்கடை வரவு. நிர்வாகத்தின் கணக்குப் புத்தகத்தில் இவ்விரண்டும் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றன.

கிள்ளான், 1941

நம் பிள்ளைகள் கட்டாயம் அறியவேண்டிய பகுதி இதுதான். "குடிகாரச் சமூகம்" என்று பழிக்கப்பட்ட அந்தத் தோட்டத் தொழிலாளர்களே கள்ளுக்கடையை மூடச் சொல்லிப் போராடினார்கள்.

தமிழகத்தில் அதற்கு முன்னோடிகள் இருந்தனர். 1921இல் ஈரோட்டில் நடந்த கள்ளுக்கடை மறியலில் பெரியாரின் துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் முன்னின்றனர். 1937இல் இராஜாஜியின் அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் நேரு மலாயாவுக்கு வந்து சென்றார். இச்செய்திகளெல்லாம் தமிழ் நாளேடுகள் வழியாகத் தோட்டங்களை எட்டின.

1941இன் தொடக்க மாதங்களில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தங்கள் பரவின. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும், தமிழ் நேசன் நாளேட்டில் பணியாற்றிய ஆர். எச். நாதனும் அப்போராட்டத்துக்குத் தலைமை தாங்கினர். தொழிலாளர்களின் கோரிக்கைகள் பன்னிரண்டு. சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி. நீண்ட வேலைநேரத்துக்கு முடிவு. முறையான மருத்துவ வசதி. பெண்களிடம் மேலதிகாரிகள் அத்துமீறுவதற்கு முடிவு. துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற இழிவு நீங்குதல். சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவை அவற்றுட் சில. அதே பட்டியலில், பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பதும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இடம்பெற்றிருந்தன.

ஒரே தாளில் இரண்டும் இருந்தன என்பதைக் கவனியுங்கள். பள்ளியைத் திற, கள்ளுக்கடையை மூடு! எந்தப் பேராசிரியரும் கற்றுக்கொடுக்காமல், தம் வாழ்க்கையிலிருந்தே அம்மக்கள் கண்டெடுத்த கோரிக்கை அது. கள்ளுக்கடையைத் தனி மனிதரின் ஒழுக்கக் குறையாக மட்டும் அவர்கள் பார்க்கவில்லை. குறைந்த கூலி, மதிப்பின்மை, கல்வியின்மை ஆகியவற்றோடு பின்னிக் கிடக்கும் ஒரு கண்ணியாகவே பார்த்தனர்.

மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். அதனை எதிர்த்துத் தொழிலாளர் திரண்டனர். சிலாங்கூரில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது, படைவீரர் வரவழைக்கப்பட்டனர். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானியப் படை வந்திறங்கவே, அப்போராட்டம் பெரும்போரின் புழுதியில் மறைந்துபோயிற்று.

ஆனால், அந்த உணர்வு மடியவில்லை. போருக்குப் பின், 1946–47இல் கெடா மாநிலத்தின் பீடோங் வட்டாரத் தோட்டங்களில் 'தொண்டர் படை' என்ற இயக்கம் எழுந்தது. ஏ. எம். சாமி என்பவர் அதனை வழிநடத்தினார். சீருடையணிந்த இளைஞர்கள் தோட்டந்தோறும் குடியை எதிர்த்துப் பரப்புரை செய்தனர். கள்ளுக்கடைகளின் முன் மறியல் நடத்தினர். ஆட்சியாளர் அதனையும் காவல் துறையைக் கொண்டு அடக்கினர். குடியை நிறுத்தச் சொன்னவர்கள்மீது தடியடி நடந்தது என்பதை நம் மாணவர்கள் எத்தனை பேர் அறிவர்?

கள்ளுக்குப் பின் வந்தவை

நாடு விடுதலை பெற்றது. கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் ஒவ்வொன்றாக நகரமாயின. இன்று நாம் வாழும் ஷா ஆலமே சுங்கை ரெங்கம் என்ற பெயரில் ரப்பரும் செம்பனையும் விளைந்த நிலந்தான். 1969இல் நிறுவப்பட்ட கார்ல்ஸ்பெர்க் மலேசியா, 1970களின் தொடக்கத்தில் இங்கே பீர் தயாரிக்கத் தொடங்கியது. ஷா ஆலம் சிலாங்கூரின் தலைநகரானது 1978இல்தான். அதாவது, தலைநகருக்கு முன்பே பீர் ஆலை இங்கு வந்துவிட்டது. சுங்கை வேய் ஆலை 1989இல் கின்னஸ் ஆங்கர் என்ற நிறுவனத்தினுடையதாகி, 2016 முதல் ஹைனெக்கன் மலேசியா என்ற பெயரில் இயங்கி வருகிறது.

தோட்டத்தை விட்டு வெளியேறிய மக்களோடு கள்ளுக்கடை வரவில்லை. ஆனால், வெற்றிடம் நெடுநாள் வெற்றிடமாக இருப்பதில்லை. கையில் காசுள்ளவர் பீருக்கும் ஸ்டவுட்டுக்கும் மாறினர். இல்லாதவர் சம்சுவுக்குப் போயினர். கள்ளில் மதுசாரம் சில விழுக்காடே. வடித்திறக்கிய மலிவு மதுவிலோ அது பல மடங்கு. ஆக, நம்மவர் சிலர் கள்ளைவிட்டு அதனினும் கொடியதைப் பற்றினர் என்பதே உண்மை. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல்லாண்டுகளாகச் சம்சுவை எதிர்த்துப் பரப்புரை செய்து வந்தமை இதனால்தான்.

ஸ்டவுட்டைச் சுற்றி ஒரு நம்பிக்கையும் நம் வீடுகளுக்குள் புகுந்தது. பிள்ளை பெற்றவள் குடித்தால் இரத்தம் ஊறும் என்று மூத்தவர் சொல்ல நான் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறேன். இஃது எந்தச் சித்தர் பாட்டிலும் இல்லை. கின்னஸ் உடலுக்கு நல்லது என்று 1929 முதல் பிரிட்டனில் பெரிய அளவில் செய்யப்பட்ட விளம்பரம் கடல் கடந்து நம் சமையலறை வரை வந்துவிட்டது. கருநிறத்துக்குக் காரணம் வறுத்த பார்லியே அன்றி இரும்புச்சத்தன்று. அதிலுள்ள இரும்புச்சத்து மிகவும் சொற்பம். மதுசாரமோ தாய்ப்பாலுக்குள்ளும் செல்லும். பெற்றோர்கள் இதனை மனத்தில் கொள்ள வேண்டும். முருங்கைக்கீரை இதனினும் மலிவு, இதனினும் நன்று.

இன்று வீட்டில் பீர் வடிக்கும் பெட்டிகளைப் பற்றி இளைஞர்கள் இணையத்தில் படிக்கின்றனர். நம் நாட்டில் 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி உரிமமின்றி மதுபானம் தயாரிப்பது குற்றம் என்பதை அவர்களுக்குச் சொல்லவேண்டியது நம் கடமை. 2017 டிசம்பர் முதல் மது வாங்குவதற்கான குறைந்தபட்ச வயது 18இலிருந்து 21 ஆகியிருப்பதையும் சொல்ல வேண்டும்.

வரியைப் பற்றியும் ஒரு சிறு கணக்கு. 2016 மார்ச்சில் பீருக்கான தீர்வை, அதிலுள்ள தூய மதுசாரம் லிட்டருக்கு 175 ரிங்கிட் என வகுக்கப்பட்டது. 320 மில்லிலிட்டர் பீரில் 5 விழுக்காடு மதுசாரம் இருந்தால், அது 16 மில்லிலிட்டர். அதற்குத் தீர்வை மட்டும் 2 ரிங்கிட் 80 காசு. பின்னர் இவ்விகிதமும் உயர்ந்தது. அன்று கள்ளுக்கடை, இன்று புட்டி. வருவாய் கணக்கிடும் முறைதான் மாறியிருக்கிறது.

வரி உயர உயர, அதனை ஏய்க்கும் கள்ளச்சரக்கும் பெருகும். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த போலி மதுவைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அயல்நாட்டுத் தொழிலாளர் பலர் அதில் பலியாயினர். வீட்டைவிட்டு வந்து, குறைந்த கூலிக்கு உழைத்து, மலிவானதைத் தேடிக் குடித்தவர்கள் அவர்கள். எண்பது ஆண்டுகளுக்கு முன் நம்மவர் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கின்றனர்.

வகுப்பறைக்கு மூன்று கேள்விகள்

"குடிக்காதே" என்று சொல்வதோடு நம் பணி முடிந்துவிடாது. தகப்பன் குடிக்கும் வீட்டிலிருந்து வரும் பிள்ளை அச்சொல்லைக் கேட்டுத் தலைகுனிகிறான். அவனை நாம் வெட்கப்பட வைத்தோமே தவிர, அறிவூட்டவில்லை. ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு மூன்று கேள்விகளை முன்வைக்கலாம். வடித்தவர் யார்? விற்றவர் யார்? இலாபம் யாருக்குப் போயிற்று? சங்க காலச் சாடி, தோட்டத்துக் கள்ளுக்கடை, இன்றைய புட்டி ஆகிய மூன்றுக்கும் இக்கேள்விகளைக் கேட்டு விடை எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகளே வேறுபாட்டைக் கண்டுகொள்வர்.

பிறகு, 1941இன் பன்னிரண்டு கோரிக்கைகளைக் கரும்பலகையில் எழுதுங்கள். எழுதப் படிக்க முறையாக வாய்ப்புக் கிடைக்காத மக்கள் கேட்டவை இவை என்று சொல்லுங்கள். தம் கொள்ளுப்பாட்டன் கள்ளுக்கடையில் அமர்ந்திருந்தவனாக மட்டும் இருந்திருக்க வேண்டியதில்லை, அதை மூடச் சொல்லி நெஞ்சை நிமிர்த்தி நின்றவனாகவும் இருந்திருக்கலாம் என்று ஒரு பிள்ளை அறிந்துகொண்டால், அவனுக்கு நாம் கொடுக்கும் அறிவுரை பாதியாகக் குறைந்துவிடும்.

கள்ளுக்கடையை மூடு என்று கேட்ட தலைமுறைதான் பள்ளியையும் கேட்டது. அவர்கள் கேட்ட அந்தப் பள்ளியில்தான் நாம் இன்று ஆசிரியர்களாய் நிற்கிறோம், நம் பிள்ளைகள் அமர்ந்திருக்கின்றனர். அக்கோரிக்கைக்கு உரிய மதிப்பைத் தருவோம்.